வரலைம்மா

மார்ச் 3

தம்பி,

போன் பண்ணினால் நீ 'ம்' என்கிறாய். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பதிலேயே எனக்குப் பொழுது போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் வெறும் 'ம்' அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும்.

நேற்று நானும் உன் மாமாவும் அம்மாவை இதய டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் படம் வரைந்து காட்டினார். தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு மெஷின். இதயம் மறுபடி தாளம் தப்பினால் அதுவே ஷாக் கொடுத்து ஆளை இழுத்துக்கொண்டு வந்துவிடுமாம். "போன தடவை கண் கிளினிக் வாசல்லயே விழுந்ததால பிழைச்சாங்க. அடுத்த தடவை வீட்டுல நடந்தா என் கையில எதுவும் இல்லை" என்றார்.

அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "எவ்வளவு தூரம் போனாலும் இழுத்துட்டு வந்துடுமா?"

"தூரமா? போகவே விடாதும்மா" என்றார் டாக்டர், ஏதோ அவரே செய்த மெஷின் போல.

"அப்ப வேண்டாம்."

படி இறங்கும்போதுதான் காரணம் சொன்னாள். "அவன் அங்கயே நிக்கிறான். நான் மட்டும் வந்துட்டேன். இதை வெச்சுக்கிட்டா அப்புறம் நான் எப்படிப் போய் அவனைக் கூட்டிட்டு வர்றது?"

அங்கே என்றால், இதயம் நின்ற நேரத்தில் அவள் போய் வந்ததாகச் சொல்கிற இடம். அவன் என்றால் நீ. ஹாஸ்டலில் இருக்கிற, துவைக்காத போர்வையில் படுக்கிற நீ. "அவன் யுனிவர்சிட்டியில படிச்சிட்டு இருக்கான்மா" என்றேன். "அது எனக்குத் தெரியாதா?" என்றாள், நான்தான் ஏதோ குழம்பிப்போன மாதிரி.

ஆஸ்பத்திரியில் கண் விழித்து அவள் உன்னிடம் முதலில் பேசியபோது நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், நீ வராந்தாவில் நிற்கிறாய். என்னடா சொன்னாய் என்று கேட்டேன். 'உண்மையை' என்றாய். அடுத்த நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அம்மாவுக்குப் போன் போட்டு, "ஆமாம்மா, நானும் அங்க இருந்தேன்" என்று சொல். அவளை நம்புகிறாய் என்று தெரிந்தால் சமாதானம் ஆகிவிடுவாள். சொல்வதால் உன் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடாது. பல் உதிர்ந்தாலும் கவலையில்லை, கட்டித் தருகிறேன். அதுதானே என் வேலை.

அக்கா

மார்ச் 9

அக்கா,

முடியாது.

இதற்குக் கீழே எழுதிய இரண்டு பக்கங்களையும் கிழித்துவிட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று மாமா ஒருமுறை கேட்டார். பாதியில் தூங்கிவிட்டார். நிகழ்வியல் என்று பெயர். ஒருவருக்கு ஏதோ நேர்கிறது. அது அவருடைய புரிதலைவிடப் பெரியது. அது நிஜமா, மூளையின் கோளாறா என்ற கேள்வியை நாங்கள் ஓரமாக வைத்துவிடுகிறோம். எப்படி இருந்தது என்று மட்டும் கேட்கிறோம். கேட்பவன் தன்னுடையதை அதில் கலக்கக் கூடாது. நான் சந்தித்தவர்கள் எல்லோரும் என்னிடம் சொல்லத் துணிந்தது அந்த ஒரு நம்பிக்கையில்தான்.

நான் அங்கே இல்லை. அம்மா விழுந்தபோது நூலகத்தில் இருந்தேன். இருந்தேன் என்று சொன்னால், அவளுக்கு நேர்ந்த ஒன்றுக்குள் நான் ஒரு பொய்யைப் பதிக்கிறேன். நீ கட்டுகிற பல் வேறு. அது கட்டிய பல் என்று போட்டுக்கொள்கிறவருக்குத் தெரியும்.

இன்னொன்று. மாமாவிடம் சொல்லாதே.

அன்று ஆஸ்பத்திரியில் அம்மா என்னைப் பார்த்த பார்வை. ரயில் நிற்கும்போது, எதிரே நிற்கும் ரயிலில் இருப்பவரைப் பார்ப்போமே, அப்படி. அதிலிருந்து சவரம் செய்யும்போது கை பாதியில் நின்றுவிடுகிறது. நான் வேறெங்கோ நிற்கிறேன் என்று, பொய் சொல்லவே தெரியாத ஒருத்தி சொல்கிறாள். அப்படியென்றால் கண்ணாடிக்கு முன்னால் இருப்பவன் யார்? வகுப்பில் இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். இப்போது கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

சிரிக்காதே.

தம்பி

மார்ச் 14

தத்துவம் சார் அவர்களுக்கு,

சிரிக்கவில்லை. பாத்ரூம் கதவின் தாழ்ப்பாளை மாமா கழற்றிவிட்டார். அம்மா உள்ளே போனால் நான் வெளியே நின்று தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்கிறேன். சத்தம் நின்றால் "அம்மா?" என்கிறேன். "குளிக்கக்கூட விடமாட்டியாடி?" என்று கத்துகிறாள். கத்தினால் எனக்கு நிம்மதி.

லேபில் மெழுகுப் பல்லைச் செதுக்கும்போது போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். யார் போன் அடித்தாலும் கத்தி வழுக்குகிறது. நேற்று ஒரு பெரியவருக்கு வலப்பக்கப் பல்லை இடப்பக்கம் பதித்துவிட்டேன். முதலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இவர் என்ன கண்ணாடியைப் பார்த்துத்தான் சாப்பிடுவாரா?" என்றார்.

ஓரமாக வைக்கிறோம், ஓரமாக வைக்கிறோம் என்கிறாய். அம்மாவையும் அந்த ஓரத்தில்தான் வைத்திருக்கிறாயா?

உன் முறைப்படியே நான் கேட்டேன். நிஜமா பொய்யா என்று கேட்கவில்லை. "எப்படிம்மா இருந்துச்சு?" அச்சகத்தில் பிழை திருத்தியே வயதானவள் அல்லவா, தன் பேச்சையும் திருத்திக்கொண்டே போனாள். "பெரிய கூடம். சுவர் தெரியலை, ஆனா கூடம்னு தெரிஞ்சுது. வெளிச்சமா... இல்லை, வெளிச்சம்னு சொன்னா தப்பு. அதை அடிச்சிடு. தரை ஈரமா இருந்துச்சு. பயமா இல்லை. பயம் இருக்க வேண்டிய இடத்துல வேற ஏதோ இருந்துச்சு. அதுக்கு வார்த்தை இல்லை." பிறகு உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "அவன் என் இடது கையைப் பிடிச்சிருந்தான். அப்புறம் பார்த்தா கை காலி."

அம்மாவே ஒன்றுக்கு வார்த்தை இல்லை என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா?

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தீவிரச் சிகிச்சை அறையில் அவள் நினைவில்லாமல் கிடந்தபோது அந்த இடது கையைப் பிடித்திருந்தது நான். நீ அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். நர்ஸ் போகச் சொல்லும்வரை நான் விடவில்லை. கை என்னுடையது, பெயர் உன்னுடையது. பரவாயில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பெயருக்காகவாவது போன் பண்ணு.

அக்கா

மார்ச் 20

அக்கா,

பண்ணிவிட்டேன். உனக்கு அதற்குள் தெரிந்திருக்கும்.

ஹாஸ்டல் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினேன். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "அம்மா, நீ சொன்னது சரிதான். நானும் அங்க இருந்தேன்."

அவள் மிகவும் மெதுவாகக் கேட்டாள்: "இன்னும் ஈரமா இருக்காடா?"

இதற்கு நான் தயாராக இல்லை. 'ம்' என்றேன்.

உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா அழுது நான் கேட்டதில்லை. மாமா போனை வாங்கி "அப்புறம் பேசு, அப்புறம் பேசு" என்றார். அதன் பிறகு நீ என் போனை எடுக்கவில்லை.

நீ சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். என்ன ஆனது என்று எழுது. தயவுசெய்து.

தம்பி

மார்ச் 22

தம்பி,

மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

கொடுத்தால் வாங்கி நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, பிறகு தொட்டிச் செடிக்குப் போட்டுவிடுகிறாள். மண்ணைக் கிளறியபோது கண்டுபிடித்தேன். அந்தச் செடிக்கு இனி ரத்த அழுத்தமே வராது.

சண்டை போட்டேன். கெஞ்சினேன். அவள் கோபமே படவில்லை. கோபப்பட்டிருந்தால் தைரியமாக இருந்திருக்கும். "அவனே சொல்லிட்டான்டி. முதல்ல ஆஸ்பத்திரியில சொன்னான். இப்ப போன்லயும் சொல்லிட்டான். இதுக்கு மேல நான் இங்க உட்கார்ந்து என்ன பண்றது?" என்கிறாள்.

ஆஸ்பத்திரியில் நீ இல்லை என்றுதானே சொன்னாய்? போனில் இருந்தேன் என்றாய். ரெண்டும் எப்படி ஒன்றாகும்? கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறாள்.

என்மேல் உனக்கிருக்கும் கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது? நீ என்ன நினைத்தாய் என்பது எனக்கு வேண்டாம். அவள் சொன்னது என்ன, நீ சொன்னது என்ன. ஒரு சொல் குறையக் கூடாது, கூடவும் கூடாது. அதற்குத்தானே உனக்கு அங்கே படிப்பு சொல்லித் தருகிறார்கள்.

சீக்கிரம்.

அக்கா

மார்ச் 27

அக்கா,

நினைவில் இருப்பது இவ்வளவுதான்.

குழாயை அன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள். தொண்டை கரகரத்தது. ஜன்னல் பக்கத்துக் கட்டில். கட்டில் கம்பியில் நான் கையை வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நாம ரெண்டு பேரும் போனோம்ல?" என்றாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. எப்படி இருந்தது என்றும் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் முதலில் கேட்கிற கேள்வி. அவளிடம் கேட்கப் பயம். மருந்தின் மயக்கம், இதை வளரவிடக் கூடாது என்று நினைத்தேன். (நினைத்தது வேண்டாம் என்றாய். சரி.)

"இல்லம்மா. நான் வரலை" என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. என்னை உற்றுப் பார்த்தாள். நான் எழுதியிருந்த அந்தப் பார்வை.

"வரலையா?"

"வரலைம்மா."

"அப்ப எப்ப வருவே?"

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது என்று எனக்கு ஆறுதல். அடுத்து எப்போது ஊருக்கு வருவாய் என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "தெரியலைம்மா. வேலை இருக்கு. முடிஞ்சா வர்றேன்" என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவ்வளவுதான். இதில் எங்கே தவறு என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாமே உண்மை.

தம்பி

மார்ச் 30

தம்பி,

லேபில் உட்கார்ந்து படித்தேன். மேல் தாடை அச்சையும் கீழ் தாடை அச்சையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சேர்த்து மூடிப் பார்க்க வேண்டும், எந்தப் பல் எதில் உட்காருகிறது என்று. அப்படித்தான் உன் கடிதத்தையும் அம்மா சொன்னதையும் சேர்த்து மூடிப் பார்த்தேன்.

'வரலை' என்றாய்.

நீ சொன்னது, உன்கூட அங்கே நான் வரவில்லை என்று. அவள் காதில் விழுந்தது, அங்கிருந்து நான் இன்னும் வரவில்லை என்று.

திரும்பப் படி. "வரலையா?" "வரலைம்மா." "அப்ப எப்ப வருவே?" "தெரியலைம்மா. முடிஞ்சா வர்றேன்." ஐயோ, தம்பி. அதோடு போனில் வேறு, அங்கே இருந்தேன், இன்னும் ஈரமாக இருக்கிறது! அவளுக்கு ரெண்டும் ஒன்றுதான். அவள் குழம்பவே இல்லை. நாம்தான்.

அம்மா எப்போதும் தாளில் இருப்பதைத்தான் படிப்பாள். எழுதியவர் என்ன நினைத்தார் என்று பார்க்கமாட்டாள். நினைத்ததைப் படித்தால் பிழை கண்ணில் படாது என்பாளே. நீ சொன்னதை அவள் அப்படியே படித்துவிட்டாள்.

நேரில் உட்கார்ந்திருக்கிறவன் எப்படி இன்னும் வராதவனாக இருக்க முடியும் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது. அவளுக்கு முடிகிறது.

கிளம்பி வா. உன் ஆய்வு வழிகாட்டியிடம் என்ன வேண்டுமானாலும் சொல். பொய் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தத்துவமும் வேண்டாம். வெளியூரிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே என்ன சொல்வார்களோ, அதை மட்டும் சொல்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே. வா.

அக்கா

ஏப்ரல் 9

அக்கா,

நான் வந்த அன்று, நீ லேபிலிருந்து திரும்புவதற்குள் எல்லாம் பேசி முடிந்திருந்தது. அதன் பிறகு ஆஸ்பத்திரி, கையெழுத்து, ஆட்கள். உன்னோடு தனியாகப் பேச முடியவில்லை. முடிந்திருந்தாலும் பேசியிருக்கமாட்டேன். திரும்பி வரும் ரயிலில் எழுத முயன்றேன். 'அக்கா' என்பதைத் தாண்டவில்லை. இப்போது ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா கதவைத் திறந்தார். அம்மா மேஜையில் செய்தித்தாளை விரித்து, யாரோ விட்ட பிழைகளை வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள்.

"அம்மா, வந்துட்டேன்" என்றேன்.

வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். என் முகத்தில் எழுத்து எழுத்தாகப் படிப்பது போல.

"எப்படி வந்தே?"

ரயிலில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது உண்மை. அது போதும். நீயும் அவ்வளவுதான் சொல்லச் சொன்னாய்.

வெளியே வந்தது இது: "நீ கையை விட்டதும் எந்தப் பக்கம்னு தெரியலைம்மா. நின்ன இடத்துலயே நின்னேன். அப்புறம் ஒரு பக்கம் தரை காய ஆரம்பிச்சுது. காய்ஞ்ச பக்கமா நடந்து வந்தேன்."

யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

அம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். "ஆமா. காய்ஞ்ச பக்கம்தான்" என்றாள். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, "அந்த டாக்டருக்குப் போன் பண்ணுங்க" என்றாள்.

பொய் சொன்னேனா என்று என்னையே கேட்கிறேன். பொய் சொல்லும்போது ஒரு முயற்சி இருக்கும். மாடியில் நின்று போனில் பேசியபோது இருந்தது. இதில் இல்லை. முந்தாநாள் எந்தத் தெருவில் நடந்தாய் என்று கேட்டால் சொல்வோமே, அப்படி வந்தது. அது நினைவு இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் நினைவைப் போலவே இருந்தது. 'போலவே' என்று எழுதும்போதுகூட ஏதோ ஒன்றைத் தப்பாகச் சொல்வது போல இருக்கிறது.

உன் கடிதங்களை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஈரம் இருக்கிறது. காய்ந்தது எங்கேயும் இல்லை. அம்மா உன்னிடம் அதை எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? நீ என்னிடம் போனில் சொல்லி நான் மறந்திருக்கலாம், இல்லையா? இருக்கலாம் என்று எழுது.

ஆய்வேட்டைத் திறக்க முடியவில்லை. ஓரமாக வைக்கலாம் என்றால் எதை வைப்பது? அந்த ஓரத்தில் நானே நிற்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 17

தம்பி,

தையல் பிரித்தாயிற்று. மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதாம். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் தலை வாருவது நான்தான். தாழ்ப்பாளை மாமா திரும்பப் பொருத்திவிட்டார். மாத்திரை தொண்டைக்குள்தான் போகிறது. செடி வாடியிருக்கிறது.

தரை காய்ந்ததைப் பற்றி அம்மா என்னிடம் சொன்னதில்லை. நான் உன்னிடம் சொல்லவும் இல்லை. 'இருக்கலாம்' என்று எழுதச் சொன்னாய். எனக்கும் கை வரவில்லை. ஈரமான தரை என்றால் காயத்தான் செய்யும், அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்று மாமா சொல்கிறார். அதை வைத்துக்கொள். எனக்கு அது போதவில்லை, உனக்குப் போதுமா பார்.

இனி என்னுடையது. கை விஷயத்தைப் பரவாயில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? சும்மா எழுதினேன். அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. நேற்றுத் தலை வாரிவிடும்போது, முகம் தெரியாத தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"அம்மா, நான் எங்க இருந்தேன்?"

"எங்க?"

"அங்கதான். அவன் கையைப் பிடிச்சிட்டு நின்னியே. நான் எங்க?"

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சீப்பு முடியில் சிக்கி நின்றது.

"நீ எங்கடி அங்க வந்தே? நீதான் இங்க கத்திக்கிட்டு இருந்தியே, தொண்டை கிழிய! அம்மா அம்மான்னு. காது ரெண்டும் போயிடும்போல இருந்துச்சு. அந்தச் சத்தம் எந்தப் பக்கம் கேட்டுச்சோ அந்தப் பக்கமாத்தான் திரும்பினேன்." பிறகு, "முடியை விடு, வலிக்குது" என்றாள்.

நான் கத்தியது எனக்கு நினைவில் இல்லை. கண் கிளினிக் வாசல் நினைவிருக்கிறது, அவள் சரிந்தது நினைவிருக்கிறது, யாரோ ஓடி வந்து நெஞ்சை அழுத்தியது நினைவிருக்கிறது. என் குரல் மட்டும் இல்லை.

மாமாவிடம் கேட்டேன். அன்று பக்கத்தில் நின்றவர் அவர்தானே.

"நீயா? நீ எங்க கத்துனே?" என்றார். "வாயே திறக்கலை. கல்லு மாதிரி நின்னுட்டே. உங்கம்மாவை விட்டுட்டு உன்னைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாப் போச்சு."

ரெண்டு பேரில் யார் சொல்வது சரி என்று நான் கேட்கப்போவதில்லை. நீயும் ஆராய்ச்சி பண்ணாதே.

அக்கா